வார்த்தைகளால் உலகம் கட்டியவர்!

குட்டீஸ், உங்களிடம் ஒரு கேள்வி.

மணலில் வீடு கட்டியிருப்பீர்கள். அட்டைப் பெட்டியில் கோட்டை கட்டியிருப்பீர்கள். ஆனால், ஒரு முழு உலகத்தையே கட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

மலை வேண்டும், ஆறு வேண்டும், காடு வேண்டும். அங்கே வாழ மக்கள் வேண்டும். அவர்கள் பேச மொழி, எழுத எழுத்து, நாள் பார்க்க நாட்காட்டி, பாடப் பாட்டு, தாத்தா பாட்டிகள் சொல்ல பழங்கதை எல்லாம் வேண்டும். யோசித்தாலே தலை சுற்றுகிறது அல்லவா?

இதையெல்லாம் ஒரே மனிதர் செய்தார். செங்கல்லும் சிமென்ட்டும் இல்லாமல், வெறும் வார்த்தைகளை வைத்துக் கட்டினார். அதற்கு அவர் செலவிட்ட காலம் ஏறக்குறைய 60 ஆண்டுகள்! அவர்தான் 'தி ஹாபிட்', 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' கதைகளை எழுதிய ஜே.ஆர்.ஆர்.டோல்கீன். அவருடைய கதையைக் கேட்போமா?

சிலந்தி கடித்த குழந்தை

ஜான் ரொனால்டு ரூயல் டோல்கீன் என்பது அவரது முழுப்பெயர். வீட்டில் ரொனால்டு என்று அழைப்பார்கள். 1892-ம் ஆண்டு, ஜனவரி 3-ம் தேதி, இன்றைய தென் ஆப்பிரிக்காவில் உள்ள புளூம்ஃபான்டீன் நகரில் பிறந்தார். அப்பா ஆர்தர் அங்கே வங்கி மேலாளர். அம்மா பெயர் மேபல். தம்பி ஹிலரி.

நடை பழகும் வயதில் ஒருநாள், தோட்டத்தில் பெரிய சிலந்தி ஒன்று ரொனால்டைக் கடித்துவிட்டது. குழந்தை அலறிக்கொண்டு ஓட, ஆயா தூக்கிப் பிடித்து விஷத்தை உறிஞ்சி எடுத்தாராம். பின்னாளில் அவர் எழுதிய கதைகளில் யானை போன்ற பெரிய சிலந்திகள் வருவதைப் படித்தவர்கள் இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் தனக்குச் சிலந்தி என்றால் பயமே இல்லை என்பாராம் டோல்கீன்!

ஆப்பிரிக்க வெயில் ரொனால்டின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-ல் அம்மா இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சொந்த நாடான இங்கிலாந்துக்கு வந்தார். அப்பா பிறகு வருவதாக ஏற்பாடு. ஆனால் அவர் வரவே இல்லை. 1896 பிப்ரவரியில் காய்ச்சல் கண்டு, அங்கேயே இறந்துபோனார். அப்போது ரொனால்டுக்கு நான்கு வயதுதான்.

பச்சை டிராகன் பாடம்

பர்மிங்ஹாம் நகருக்கு அருகே சேர்ஹோல் என்ற சின்ன கிராமம். அங்கே ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் குடியேறினர். ஊரில் தண்ணீரின் வேகத்தால் சுழலும் மாவு மில் ஒன்று இருந்தது. மில்காரரின் மகன் உடம்பெல்லாம் மாவு படிந்து, வெள்ளை வெளேர் என்று நிற்பார், சிறுவர்களை விரட்டுவார். அண்ணனும் தம்பியும் அவருக்கு 'வெள்ளை அரக்கன்' என்று ரகசியப் பெயர் வைத்திருந்தனர். பச்சை வயல்களும் மரங்களும் நிறைந்த அந்தக் கிராமம்தான், பிற்காலத்தில் அவர் கதையில் வரும் குட்டை மனிதர்களான ஹாபிட்டுகளின் ஊருக்கு மாதிரி ஆனது.

பள்ளிக்கு அனுப்ப வசதியில்லை. அம்மாவே ஆசிரியை ஆனார். லத்தீன் மொழி, ஓவியம், செடிகொடிகளின் பெயர்கள் எல்லாம் கற்றுத் தந்தார். கதைப் புத்தகங்களும் வாங்கித் தந்தார். அவற்றில் ஒன்றில்தான் ரொனால்டு தன் முதல் டிராகனைச் சந்தித்தான். அதன் பெயர் ஃபாஃப்னிர். தங்கப் புதையலைக் காத்துக்கொண்டு படுத்திருக்கும் அந்தப் பயங்கர டிராகனை, சிகர்ட் என்ற வீரன் வெல்லும் கதை அது. நார்வே, ஐஸ்லாந்து போன்ற வட நாடுகளில் வாழ்ந்த மக்களின் பழங்கதை. இந்தக் கதைகளை 'நார்ஸ்' கதைகள் என்பார்கள்.

உடனே ரொனால்டுக்கும் ஆசை வந்துவிட்டது. ஏழு வயதில் சொந்தமாக ஒரு டிராகன் கதை எழுதினான். அதில் 'பச்சைப் பெரிய டிராகன்' என்று எழுதியிருந்தான். அம்மா படித்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லக்கூடாது. 'பெரிய பச்சை டிராகன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தினார்.

நாமாக இருந்தால் திருத்திவிட்டு விளையாடப் போயிருப்போம். ரொனால்டு அப்படி விடவில்லை. பச்சையும் பெரியதுதான், பெரியதும் பச்சைதான். பிறகு ஏன் ஒன்று சரி, இன்னொன்று தவறு? வார்த்தைகளுக்குள் ஏதோ ஒரு ரகசியச் சட்டம் இருக்கிறதே! அந்த 'ஏன்' அவன் மனதில் ஒட்டிக்கொண்டது. கதை மறந்துபோனது, கேள்வி மட்டும் வாழ்நாள் முழுவதும் நினைவில் இருந்தது.

நிலக்கரி வண்டியில் வந்த மொழி

பிறகு குடும்பம் நகரத்துக்கு மாறியது. புகையும் சத்தமுமாக இருந்தது ஊர். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. வேல்ஸ் பகுதியிலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் சரக்கு வண்டிகள் அதில் போகும். பெட்டிகளின் மேல் வேல்ஸ் நாட்டு ஊர்ப் பெயர்கள் எழுதியிருக்கும். வாயில் நுழையாத பெயர்கள்! ஆனால் ரொனால்டுக்கு அவை பாட்டு மாதிரி இருந்தன. அர்த்தம் தெரியாமலே அந்த மொழியின் மேல் ஆசை பிறந்தது.

வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் பழங்காலத்தில் வாழ்ந்தவர்களைக் 'கெல்ட்' மக்கள் என்பார்கள். வெல்ஷ் மொழி அவர்களுடைய மொழிகளில் ஒன்று. ஆக, வட நாட்டு நார்ஸ் கதை புத்தகம் வழியாக வந்தது. கெல்டிக் மொழி கரி வண்டி ஏறி வந்தது!

ஆனால் துன்பம் விடவில்லை. 1904-ல் அம்மாவும் இறந்துபோனார். அவருக்கு இருந்தது நீரிழிவு நோய். அதற்கு மருந்தான இன்சுலின் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. 12 வயதில் ரொனால்டு, அப்பாவும் அம்மாவும் இல்லாத பிள்ளை ஆனான். அம்மாவுக்குத் தெரிந்த பிரான்சிஸ் மார்கன் என்ற பாதிரியார் அண்ணனையும் தம்பியையும் பொறுப்பேற்றுப் படிக்க வைத்தார்.

அம்மா விட்டுச் சென்ற சொத்து வார்த்தைகள்தான். ரொனால்டு அதை இறுகப் பிடித்துக்கொண்டான். பள்ளியில் லத்தீன், கிரேக்கம் படித்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தையும், பழைய நார்ஸ் மொழியையும் தானாகவே கற்றான். விளையாட்டாகப் புதுப் புது மொழிகளை உருவாக்கினான்.

1911-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் டோல்கீன். அங்கே நூலகத்தில் பின்னிஷ் மொழி இலக்கணப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பின்லாந்து நாட்டின் மொழி அது. அதன் ஓசையில் மயங்கிப்போனார். 1914-ல் கல்லூரியில் பரிசுப் பணமாக 5 பவுண்டு கிடைத்தது. அதில் என்ன வாங்கினார் தெரியுமா? வெல்ஷ் இலக்கணப் புத்தகம்! கரி வண்டி மொழியை அவர் மறக்கவே இல்லை.

நான்கு நண்பர்கள்

பள்ளியில் அவருக்கு மூன்று உயிர் நண்பர்கள் இருந்தனர். நூலகத்தில் யாருக்கும் தெரியாமல் டீ போட்டுக் குடிப்பார்கள். கவிதை, கதை பேசுவார்கள். வளர்ந்ததும் உலகத்துக்கு ஏதாவது நல்லது படைக்க வேண்டும் என்று நால்வருக்கும் கனவு.

1914-ல் முதல் உலகப்போர் வெடித்தது. நால்வரும் படைக்குப் போனார்கள். 1916-ல், பிரான்ஸில் சோம் நதிக்கரையில் நடந்த கொடிய போரில் டோல்கீன் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்தார். பதுங்குகுழிகளில் சேறும் எலியும் பேனும்தான். அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1-ம் தேதியே நண்பர் ராப் கில்சன் இறந்தார். டிசம்பரில் குண்டுக் காயத்தால் ஜெஃப்ரி ஸ்மித் இறந்தார். கவிதை எழுதுபவரான ஸ்மித், அதற்குச் சில மாதங்களுக்கு முன் டோல்கீனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். தான் இறந்துபோனாலும், தாங்கள் நால்வரும் சொல்ல நினைத்ததை டோல்கீன் உயிரோடு இருந்து சொல்ல வேண்டும் என்பது அவரது ஆசை.

டோல்கீன் பிழைத்ததற்குக் காரணம் பேன்! பேனால் பரவும் காய்ச்சல் வந்து, 1916 நவம்பரில் அவரை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டனர். உடம்பு தேறிவந்த நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காண்டலின் என்ற மறைந்த நகரத்தின் வீழ்ச்சியைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவரது கற்பனை உலகத்தின் முதல் கதைகளில் அதுவும் ஒன்று. நண்பரின் கடிதத்துக்கு அவர் எழுதிய பதில் என்று அதைச் சொல்லலாம்.

எங்கள் ஊருக்குக் கதை இல்லையே!

போர் முடிந்ததும் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தயாரிக்கும் வேலையில் சேர்ந்தார். குளவி, வால்ரஸ் போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்கள் எந்த மொழியில் பிறந்தன என்று தேடுவது அவர் வேலை. பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1925-ல் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். அங்கே நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். ஐஸ்லாந்து பழங்கதைகளை மூல மொழியிலேயே படிக்கும் குழு அது. பெயர் 'கரி கடிப்பவர்கள்'. குளிருக்குப் பயந்து அடுப்புக்கு மிக அருகில், கரியைக் கடிப்பதுபோல உட்கார்ந்திருப்பவர்கள் என்று அர்த்தம்!

இத்தனை படித்தவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. கிரேக்கர்களுக்குப் புராணம் இருக்கிறது. நார்ஸ் மக்களுக்கு இருக்கிறது. கெல்ட் மக்களுக்கு இருக்கிறது. பின்லாந்திலோ, கிராமத்துப் பாடல்களைத் தேடிச் சேர்த்து 'கலேவலா' என்ற காவியமே ஆக்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் பழங்கதைகள் மட்டும் பெரும்பாலும் தொலைந்துபோய்விட்டனவே! தொலைந்தது கிடைக்காது. சரி, நாமே உருவாக்குவோம் என்று நினைத்தார். மொழிகளை முதலில் செய்தார். அவற்றைப் பேச மக்களைச் செய்தார். அவர்களுக்கு வரலாறு செய்தார். எல்லாம் மேஜை டிராயருக்குள்ளேயே வளர்ந்தன.

வெற்றுத்தாளில் ஒரு வரி

பேராசிரியர் வேலையில் வந்த சம்பளம், நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போதவில்லை. அதனால் கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்துவார். ஒருநாள், மாணவர் ஒருவர் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தார். சலிப்போடு திருத்திக்கொண்டிருந்த டோல்கீன், நிலத்துக்குள் வளையில் வாழும் ஹாபிட் ஒன்றைப் பற்றி அந்த வெற்றுப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது!

அந்த ஒரு வரி வளர்ந்து கதையானது. இரவில் பிள்ளைகளுக்குச் சொன்னார். சின்ன மகன் கிறிஸ்டோபர் பலே ஆள். போன தடவை கதவு இந்த நிறம் என்றீர்கள், இப்போது மாற்றிச் சொல்கிறீர்களே என்று மடக்குவான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய்க் குறித்து வைப்பார்.

கதை ஒரு பதிப்பகத்துக்குப் போனது. உரிமையாளர் ஸ்டான்லி அன்வின், அதைத் தன் 10 வயது மகன் ரெய்னரிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். ரெய்னர் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். 1937 செப்டம்பர் 21 அன்று 'தி ஹாபிட்' வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 1,500 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டன. உங்கள் வயதுப் பையன் ஒருவன் தேர்ந்தெடுத்த புத்தகம் அது!

எது எங்கிருந்து வந்தது?

டோல்கீன் பழங்கதைகளிலிருந்து விதைகளை எடுத்துத் தன் தோட்டத்தில் நட்டார். சிலவற்றைப் பார்ப்போமா?

'எட்டா' என்ற பெயருள்ள ஐஸ்லாந்துப் பாடல் தொகுப்பில் சித்திரக்குள்ளர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. தோரின், பிலி, கிலி, போம்பூர் எல்லாரும் அதிலிருந்து வந்தவர்களே. காண்டால்ஃப் என்ற பெயரும் அங்கே உண்டு. மந்திரக்கோல் ஏந்தியவன் என்பது போன்ற அர்த்தம் அதில் தொனிப்பதால், பிறகு அதைக் குள்ளர் தலைவரிடமிருந்து எடுத்து மந்திரவாதிக்கு மாற்றினார். அகலத் தொப்பி, நீண்ட தாடி, கைத்தடியோடு ஊர் ஊராகத் திரியும் காண்டால்ஃபின் தோற்றம், நார்ஸ் தெய்வம் ஓடின் மாறுவேடத்தில் திரிவதை நினைவூட்டும்.

நார்ஸ் மக்கள் மனிதர் வாழும் உலகத்தை மிட்கார்டு என்றனர். நடுவே உள்ள இடம் என்று பொருள். பழைய ஆங்கிலத்திலும் அதே போன்ற சொல் உண்டு. அதுவே டோல்கீனின் 'மிடில் எர்த்'.

இன்னொரு நார்ஸ் கதையில் ஓடின், ஓர் அரசனோடு விடுகதைப் போட்டி போடுகிறார். கடைசியில் வேறு யாருக்கும் விடை தெரிய முடியாத ஒரு கேள்வியைக் கேட்டு ஜெயிக்கிறார். 'தி ஹாபிட்' கதையில் பில்போவும் கோல்லமும் போடும் விடுகதைப் போட்டி நினைவுக்கு வருகிறதா? சபிக்கப்பட்ட மோதிரம், உடைந்து மீண்டும் உருக்கிச் செய்த வாள், புதையல் காக்கும் டிராகன் எல்லாம் ஃபாஃப்னிர் கதையில் உள்ளவை.

கெல்டிக் பக்கம் பார்த்தால், எல்ஃப்களின் சிந்தாரின் மொழியை வெல்ஷ் மொழியின் ஓசையில் செய்தார். குவென்யா என்ற இன்னொரு மொழிக்கு பின்னிஷ் மாதிரி. மேற்குக் கடலுக்கு அப்பால் மரணமில்லாத நாடு ஒன்று இருப்பதாக அயர்லாந்துக் கதைகள் சொல்லும். டோல்கீன் உலகத்திலும் எல்ஃப்கள் மேற்கு நோக்கிக் கப்பல் ஏறுகிறார்கள். ஆனாலும், ஒருமுறை பதிப்பகத்தில் இவை கெல்டிக் பெயர்கள் என்று குறை சொன்னபோது, அவர் மறுத்தார். வெல்ஷ் ஓசை பிடிக்கும். ஆனால் கெல்டிக் கதைகளில் பல, உடைந்த வண்ணக் கண்ணாடி போல ஒழுங்கில்லாமல் இருப்பதாக அவருக்கு எண்ணம். பிடித்ததை மட்டும் எடுத்தார்; எடுத்ததையும் தன்னுடையதாக மாற்றினார்.

கதை என்பது ஒரு சூப்புப் பானை போன்றது, காலகாலமாக ஒவ்வொருவரும் அதில் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. அவரும் தன் பங்கைப் போட்டார். அதில் சொந்த வாழ்க்கையும் இருந்தது. பிணங்கள் மிதக்கும் சதுப்பு நிலத்தில் சோம் போர்க்களம் தெரியும். பயந்தாலும் நண்பனைக் கைவிடாத சாம் என்ற ஹாபிட்டில், போரில் அவர் பார்த்த சாதாரணச் சிப்பாய்கள் தெரிவார்கள்.

12 ஆண்டு உழைப்பு

வாசகர்கள் இன்னொரு ஹாபிட் கதை கேட்டனர். 1937 டிசம்பரில் எழுத உட்கார்ந்தார். முடிக்க 12 ஆண்டுகள் ஆயின! நடுவில் இரண்டாம் உலகப்போர், தாள் பஞ்சம். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். முதலில் வரைபடம் போட்டுக்கொண்டு, அதற்கேற்பக் கதையை நடத்தினார். எந்த நாளில் நிலா எப்படித் தெரியும் என்றுகூடக் கணக்குப் பார்த்தார். விமானப் படையில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு அத்தியாயம் அத்தியாயமாகத் தபாலில் அனுப்பினார்.

இவ்வளவு பெரிய புத்தகத்தை யார் வெளியிடுவார்கள்? ஒரு ஷில்லிங் வாங்கிய சிறுவன் ரெய்னர், இப்போது வளர்ந்து அப்பாவின் பதிப்பகத்தில் இருந்தார். ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம், ஆனால் இது மேதையின் படைப்பு என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சம்மதித்தார். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' வந்தது. நஷ்டமா? உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றது!

1973 செப்டம்பர் 2 அன்று, 81-வது வயதில் டோல்கீன் மறைந்தார். ஆக்ஸ்போர்டில், மனைவி ஈடித் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இருவர் பெயருக்கும் கீழே, அவர் கதையில் வரும் காதலர்களான லூத்தியன், பெரன் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. டிராயரில் இருந்த பழைய கதைகளைத் தொகுத்து, 1977-ல் 'தி சில்மரிலியன்' என்ற பெயரில் வெளியிட்டார், கதவின் நிறம் கேட்ட அதே கிறிஸ்டோபர்!

குட்டீஸ், டோல்கீனுக்குச் சின்ன வயதிலேயே அப்பா போனார், அம்மா போனார். இளமையில் நண்பர்கள் போனார்கள். தொலைந்தவற்றைத் திரும்பக் கொண்டுவர அவரால் முடியவில்லை. ஆனால் மிச்சமிருந்த வார்த்தைகளையும் பழங்கதைகளையும் பொறுக்கிச் சேர்த்து, யாராலும் அழிக்க முடியாத உலகம் ஒன்றைக் கட்டினார். எல்லாம் எங்கே தொடங்கியது? அம்மா திருத்திய பச்சை டிராகனில்!

அடுத்த முறை உங்கள் நோட்டில் யாராவது திருத்தினால், முகம் சுளிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பாட்டி கதை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் உலகத்துக்கான முதல் கல் அதில் இருக்கலாம்!

குட்டித் தகவல்கள்

* 1920 முதல், கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல ஆண்டுதோறும் தன் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து கடிதம் எழுதினார் டோல்கீன். நடுக்கத்தோடு எழுதியது போன்ற கையெழுத்தில்!

* 2003-ல் வெளிவந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' திரைப்படம் 11 ஆஸ்கர் விருதுகளை வென்றது.

* 2006-ல் கனடாவின் டொரன்டோ நகரில் இந்தக் கதை மேடை இசை நாடகமானது. அதற்கு இசையமைத்தவர்களில் ஒருவர் நம் ஏ.ஆர்.ரஹ்மான். அவரோடு இசையமைத்த 'வார்ட்டினா' குழு எந்த நாடு தெரியுமா? டோல்கீனை மயக்கிய மொழி பேசும் அதே பின்லாந்து!